ஒற்றைத் தலையிடியும் வாவியின் மறுகரையும்

தமிழகத்தார் தலைவலி என்று சொல்வதை நாம் தலையிடி என்கிறோம். தலையின் ஒரு பாதியில் எழுந்து, கண்ணுக்குப் பின்னால் நின்று துடித்து, வெளிச்சத்தையும் ஓசையையும் பகையாக்கி, பெரும்பாலும் குமட்டலையும் வாந்தியையும் கூட்டிவரும் நோய்க்கு இடி என்ற சொல்லே பொருந்தும். உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆயினும் போரும் வெள்ளமும் செய்தியாகும், தலையிடி செய்தியாவதில்லை. அதற்கான மருந்து மட்டக்களப்புக்கு வந்துசேர்ந்த கதையை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோரப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் வைத்து முன்னோர் இட்ட பெயர்கள். பெரியாஸ்பத்திரியும் மருந்துக்கடைகளும் ஒரு பக்கம். நெல்வயல்களும் மாட்டுப் பட்டிகளும் மறுபக்கம். பட்டிருப்பு, வலையிறவு போன்ற சில இடங்களைத் தவிர, மற்ற இடங்களில் நீண்டகாலம் படகுப் பாதைகளையே மக்கள் நம்பியிருந்தார்கள்.

படுவான்கரையில் தலையிடிக்கு முதலில் தேடப்பட்டவர் பரியாரியார். நெற்றிக்குச் சுக்குப் பற்று, மூக்குக்கு நசியம், தலைக்கு எண்ணெய் என்று அவரிடம் ஒரு முறை இருந்தது. ஈழத்துச் சித்த மருத்துவ நூலான பரராசசேகரம் தலைநோய்களைத் தனியே வகுத்துப் பேசுகிறது. பரியாரியாருக்கு அடங்காவிட்டால் மந்திரம், ஓதிய தண்ணீர், நூல் கட்டல். மட்டக்களப்பு மாந்திரிகர் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார் என்று பிற ஊரார் கேலி பேசுவது யாவரும் அறிந்ததே. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். இருட்டறையில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத் துணியிட்டு, பேச்சுச் சத்தம் இல்லாமற் செய்ததில் நோயாளிக்கு ஆறுதல் இருந்தது. இன்றைய வைத்தியரும் அதைச் சொல்லுவார். ஆனால் மாதந்தோறும் வரும் இடியைப் பேய்க்கோளாறு என்றும் பீனிசம் என்றும் பெயர்மாற்றி வைத்ததால், பல பெண்களின் நோய் நோயாகவே எண்ணப்படவில்லை.

மேற்குலகின் கதையும் நேராக ஓடியதன்று. றை என்னும் தானியக் கதிரில் படரும் எர்கட் பூஞ்சணம் இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. அதிலிருந்தே 1918இல் சுவிற்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டோல் எர்கட்டமைனைப் பிரித்தெடுத்தார். விரிந்து துடிக்கும் இரத்தக் குழாய்களை அது சுருக்குவதை அமெரிக்காவில் கிரகாமும் வூல்பும் 1938இல் காட்டினார்கள். நஞ்சு மருந்தானது, ஆனால் அளவு மீறினால் கைகால் விரல்களின் குருதியோட்டமும் குறைந்துவிடும். புரொப்பிரனலோல் வந்த வழி இன்னும் வேடிக்கையானது. நெஞ்சுவலிக்காக அதைச் சோதித்தபோது ஒரு நோயாளியின் ஒற்றைத் தலையிடியும் அடங்கியதை 1966இல் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். தேடாமற் கிடைத்த மருந்து அது.

ஆய்வுகூடத்தில் மருந்து கிடைத்துவிட்டால் கொக்கட்டிச்சோலையில் கிடைத்துவிட்டதாகுமா? இலங்கையில் இக்கேள்வியை ஆழமாகக் கேட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதி, இடதுசாரி. ஒரே மருந்து பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் விற்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் துறையில் இருந்த ஏறத்தாழ 2100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, மூலப்பெயரிலேயே மொத்தமாக வாங்கினார்கள். எங்கோ ஒரு துறையடியில் இருக்கும் கிராமிய வைத்தியசாலைக்கும் குளிசை போவதற்கான கணக்கு அது. 1977 செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அவ்வாண்டு நாட்டில் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. வணிகப் பெயர்கள் மீண்டும் நிரம்பின. மூலப்பெயருக்காகப் போராடிய ஒருவரின் நாட்டில் பரசிற்றமோலை இன்றும் பனடோல் என்றே கேட்டு வாங்குகிறோம் என்பது சிறு முரண்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. 1991இல் ஐரோப்பாவில் சுமற்றிப்ரான் விற்பனைக்கு வந்தது. ஒற்றைத் தலையிடிக்கென்றே வடிவமைத்து, அதன் வேதியியலை அறிந்து செய்த மருந்து அது. பற்றிக் ஹம்பிறீ தலைமையிலான கிளாக்சோ ஆய்வாளர்களின் பல்லாண்டு உழைப்பு. அதே காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும், நகரம் இராணுவத்திடமும் இருந்தன. இடையில் வாவி, வாவியின் வழிகளில் சோதனைச் சாவடி. மருந்தும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் ஒன்று. காயத்துக்கு உதவும் என்ற ஐயம் எல்லா மருந்தின்மீதும் விழுந்தது. காய்ச்சற் குளிசையும் கணக்குக் கேட்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை மறுகரைக்குச் சென்று செய்த பணியை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆனால் பிரசவமும் மலேரியாவும் சூட்டுக்காயமும் வரிசையில் நிற்கும்போது, தலையைப் பிடித்துக்கொண்டு வரும் பெண் கடைசியில்தான் நிற்பாள். அதில் எவரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2007இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. யப்பானிய உதவியில் கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. 2015இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியபோது பிபிலேயின் பெயர் மீண்டும் ஒலித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. அம்முறை இரு கரைக்கும் ஒரே தட்டுப்பாடு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல்தான் சுமற்றிப்ரானைத் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. மருந்து விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2018இல் வந்த புதிய ஊசிமருந்துகள் வலியைக் கிளப்பும் ஒரு புரதத்தின் வழியையே மறிக்கின்றன. அவற்றின் விலை ஏழை விவசாயிக் குடும்பத்துக்கு எட்டாதது. எட்டுவது பழைய புரொப்பிரனலோல். வலி வந்தபின் அன்று, வராதிருக்க நாள்தோறும் எடுப்பது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது என்பதால் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

இப்போது கரையோரக் கடைகளில் மலிந்திருப்பது பனடோல் அட்டைதான். மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து விழுங்கினால், குளிசையே புதிய தலையிடியை உண்டாக்கும். ஆகவே கிளினிக்குக்குப் போகிறவர்கள் எந்த நாளில் இடி வந்தது, எத்தனை குளிசை போட்டோம் என்று ஒரு பழைய கலண்டரில் குறித்துக்கொண்டு போவது நல்லது. வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.