வரப்போகும் லப்டொப்பும் புல்மோட்டைக் கறுப்பு மணலும்

புதுசா ஒரு விலை கூடின லப்டொப் வரப்போகுது எண்ட கதை கிளம்பினால் போதும். அது கடைக்கு வர ஆறு மாசத்துக்கு முன்னமே யூடியூப்பில் அதைப் பற்றி மணிக்கணக்கில் கதைத்து முடித்துவிடுவார்கள். கேள்வி எப்பவும் மூன்றுதான். பார்க்க எப்படி இருக்கும்? எவ்வளவு வேகம்? என்ன விலை? பதில் சொல்கிறவர் அந்தப் பெட்டியைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார். கேட்கிற எங்களில் கனபேர் அதை வாங்கப் போறதுமில்லை. ஆனாலும் விடாமல் கேட்கிறோம்.

இந்த ஊகத்துக்கு நாற்பது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் எங்கட குச்சவெளிப் பிரதேசத்தின் கடற்கரையும் அதற்குள் வருகிறது. அந்த மூன்று கேள்விகளில் ஏன் எங்களுக்கான பதில் இல்லை என்பதும் அங்கேதான் விளங்கும்.

வாயைத் திறந்து கெட்ட கொம்பனி

1981இல் அமெரிக்காவில் ஒஸ்போர்ன் 1 என்ற கணினி வந்தது. கையோடு கொண்டுபோகலாம் என்றார்கள். எடை 11 கிலோ. திரை 5 அங்குலம். விலை 1,795 டொலர். தையல் மெஷின் பெட்டி மாதிரி இருந்த அந்தச் சாமான் அப்போது நன்றாக விற்றது. 1983இல் அதே கொம்பனி, இதைவிடத் திறமான ஒன்று வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஆட்கள் என்ன செய்வார்கள்? "அது வரட்டும், பிறகு வாங்குவம்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அந்த வருசம் செப்டெம்பரில் கொம்பனி திவாலானது. போட்டிக் கொம்பனிகள், நிர்வாகக் குளறுபடிகள் என்று வேறு காரணங்களும் உண்டு எனப் பிறகு பலர் எழுதினார்கள். ஆனாலும் 'ஒஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வரப்போகும் சாமானைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதை அப்பிள் பிறகு ஒரு கலையாகவே ஆக்கியது. கொம்பனி வாயை மூடினால் ஊர் வாய் திறக்கும். 2010 ஜனவரியில் ஐபேட் வருமுன் அதன் விலை 999 டொலர் என்று ஊகம் ஓடியது. ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் அந்த 999ஐத் திரையில் போட்டுக் காட்டி, பிறகு 499 என்று மாற்றினார். கூட்டம் கைதட்டியது. ஊகம் பிழைத்ததுதான், ஆனால் அந்தப் பிழையான விலைதான் சரியான விலையை மலிவாகக் காட்டியது. வதந்தி கொம்பனிக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது.

டைட்டேனியம் என்ற சொல்

2001 ஜனவரி 9ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோ. அப்பிளின் பவர்புக் ஜி4 வெளிவந்தது. தடிப்பு ஒரு அங்குலம், எடை 2.4 கிலோ, அகலமான 15.2 அங்குலத் திரை. உடம்பு டைட்டேனியம். தொடக்க விலை 2,599 டொலர். இன்றைக்கு நாங்கள் 'பிரீமியம்' என்கிற தோற்றத்துக்கு அந்தப் பெட்டி ஒரு முன்னோடி.

சரி, பாவித்தவர்கள் என்ன சொன்னார்கள்? விளிம்புப் பெயின்ட் உரிந்தது. திரையைத் தாங்கும் பிணைச்சல் உடைந்தது. 2003இல் அப்பிள் டைட்டேனியத்தை விட்டு அலுமினியத்துக்குப் போனது. இருபது வருசம் கழித்து 2023இல் ஐபோன் 15 புரோவில் டைட்டேனியம் வந்தது. 2025இல் 17 புரோவில் மறுபடியும் அலுமினியம். அந்த உலோகத்தின் பெயரே பாதி விளம்பரம் என்பதால்தான் ஊகக்காரர்களுக்கும் அதில் அவ்வளவு பிரியம்.

அந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கோ. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில், மனக்கன் என்ற ஊரில் ஒரு ஓடைக் கறுப்பு மணலை வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் சோதித்துப் பார்த்தார். அதில் காந்தத்தில் ஒட்டும் ஒரு கனிமம் இருந்தது. அதற்குள் அதுவரை அறியாத ஓர் உலோகம் இருந்தது. நாலு வருசம் கழித்து ஜேர்மன் வேதியியலாளர் கிளப்ரொத் அதற்கு டைட்டேனியம் என்று பெயர் வைத்தார். அந்தக் கறுப்பு மணல்தான் இல்மனைட்.

இல்மனைட் என்ற சொல் எங்கட கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருகோணமலையிலிருந்து நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று வடக்கே போனால் புல்மோட்டை. குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள்தான் அது இருக்கிறது. அங்கே கரை மணல் கறுப்பு. அலை பாரம் குறைந்த மணலை இழுத்துப் போக, பாரம் கூடின கனிமம் கரையில் தங்கிவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று வருசா வருசம் புதிதாகக் கொண்டுவந்து போடுகிறது. அந்த மணலில் பெரும்பங்கு இல்மனைட். மிச்சத்தில் ரூட்டைல், சேர்க்கோன், கொஞ்சம் மொனசைட். உலகத்தின் செறிவான கடற்கரைக் கனிம மணல்களில் இதுவும் ஒன்று.

இதை எடுப்பதற்கு 1957இல் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. மணலை அள்ளுவார்கள், தண்ணீராலும் காந்தத்தாலும் பிரிப்பார்கள், கப்பலில் ஏற்றுவார்கள். போர்க் காலத்தில் அதுவும் தடைப்பட்டது. 1997 செப்டெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்து நின்ற 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டு, சீன மாலுமிகள் இறந்தார்கள். பவர்புக் மேடையேறிய 2001 ஜனவரியிலும் போர் முடிந்திருக்கவில்லை. போர்நிறுத்த ஒப்பந்தம் 2002 பெப்ரவரியில்தான் வந்தது.

எங்கட மணல்தான் அந்த லப்டொப் ஆனது எண்டு நான் சொல்ல வரேல்ல. உலகத்தில் எடுக்கிற டைட்டேனியக் கனிமத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளைப் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடதாசிக்கும் நிறம் கொடுக்கப் போகிறது. ஆனால் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இல்மனைட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு டைட்டேனியம். அரைக் கிலோ உலோகம் வேண்டுமென்றால், இழப்பை விட்டால், ஒன்றரைக் கிலோ மணல் போதும். ஒரு தொன் இல்மனைட் சில நூறு டொலர்தான். அப்படியென்றால் 2,599 டொலர்ப் பெட்டியின் வெளி உடம்புக்குத் தேவையான மணலின் விலை ஒரு டொலர்கூட வராது.

ஊகத்தில் வராத விலை

இனி வேகத்துக்கும் விலைக்கும் வருவோம். 2020 ஜூனில் அப்பிள் தன் கணினிகளுக்குச் சொந்தச் சிப் செய்யப் போவதாகச் சொன்னது. உடனே ஊகம் பறந்தது: புது உருவம் வரும், விலை குறையும் என்று. நவம்பரில் எம்1 மெக்புக் எயார் வந்தது. உருவம் பழையது. விலையும் பழைய 999 டொலர். மாறியது உள்ளே இருந்த சிப்தான். விசிறியே இல்லாமல் ஓடியது, பற்றரி நாள் முழுக்க நின்றது. யாரும் பெரிதாகப் படம் கீறிக் காட்டாத பக்கத்தில்தான் மாற்றம் நடந்தது.

அப்போது டொலர் ஏறத்தாழ 185 ரூபாய். வரியையும் கடைக்காரரின் லாபத்தையும் விட்டால் அந்த எயார் 1 லட்சத்து 85 ஆயிரம். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது. மே மாதம் டொலர் 360. அதே எயார் அமெரிக்காவில் அப்பவும் 999தான். இங்கே 3 லட்சத்து 60 ஆயிரம். அதே உருவம், அதே வேகம், அதே டொலர் விலை. எங்களுக்கு மட்டும் விலை இரட்டிப்பு. எந்த லப்டொப் வதந்தியும் இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அது லப்டொப்பைப் பற்றிய செய்தியே இல்லை.

2001இலும் இது நடந்தது. பவர்புக் வந்து இரண்டு கிழமையில், ஜனவரி 23ஆம் திகதி, மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது. 80 ரூபாய்க் கணக்கில் பார்த்தாலே அந்தப் பெட்டி 2 லட்சத்தைத் தாண்டும். அதற்குப் பிறகு ரூபாய் இறங்க இறங்க எங்களுக்கு அது இன்னும் தூரமானது.

ரூபாய் ஏன் விழுகிறது? காரணம் பல. அதில் ஒன்று, நாங்கள் விற்பது மணலாகவும் வாங்குவது பெட்டியாகவும் இருப்பது. 1957இலிருந்து இன்றைக்கு வரைக்கும் இலங்கையில் இல்மனைட்டை டைட்டேனிய உலோகமாக மாற்றும் ஆலை கிடையாது.

கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் இதே மாதிரிக் கறுப்பு மணல்தான். அங்கே 2011இல், விண்வெளித் துறையின் உதவியோடு, மாநில அரசின் கேஎம்எம்எல் நிறுவனம் வருசத்துக்கு 500 தொன் டைட்டேனியம் ஸ்பொஞ்ச் செய்யும் ஆலையைத் திறந்தது. ரொக்கெற்றுக்குத் தேவை என்பதால் அரசு காசைப் போட்டது.

அதுவும் சும்மா வரேல்ல. மணலைக் குளோரினோடு சேர்த்து, பிறகு 800 பாகைக்கு மேல் மக்னீசியத்தால் பிரிக்க வேண்டும். மின்சாரம் கனக்க வேண்டும். கழிவு வரும். மணல் அள்ளுகிற கரையில்தான் கரைவலை இழுக்கிறவரும் தோணி இழுத்து விடுகிறவரும் இருக்கிறார்கள். ஆலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இன்னொரு வதந்திதான். அந்த ஆலை யாருக்கு வேலை தரும், கழிவு எங்கே போகும், கரை யாருக்கு மிஞ்சும் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

2023 ஜனவரியில் ப்ளூம்பேர்க் ஒரு செய்தி போட்டது: தொடுதிரை மெக்புக் புரோ 2025இல் வரக்கூடும் என்று. 2025 போய்விட்டது, வந்த புரோவில் தொடுதிரை இல்லை. அந்த ஊகம் பின்னுக்குத் தள்ளிப்போய்த் தொடர்ந்து ஓடியது. ஓடட்டும், ரசிக்கிறதில் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த முறை யாராவது 'டைட்டேனியம் பொடி, புது சிப், 1,999 டொலர்' எண்டு கதைக்கேக்க, அந்த டொலரை அண்டைய ரூபாயால் ஒருக்காப் பெருக்கிப் பாருங்கோ. பிறகு புல்மோட்டையில் இருந்து போகிற ஒரு கிலோ மணலின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கோ. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தொகைதான் இரசாயனம், உலோகவியல், பொறியியல், வடிவமைப்பு. படிக்கிற வயசில் இருக்கிற நாங்கள் ஊகிக்க வேண்டிய இடமும் அதுதான்.