டெம்பிள் தேவாலயத்து ஆர்கன் எப்போது அழிந்தது?

லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் குழாய் ஆர்கன் 1941 மே 10ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் வீசிய தீக்குண்டுகளுக்கு இரையானது என்று சொல்வது வழக்கம். எரிந்தது உண்மைதான். எரிந்தது எந்த ஆர்கன் என்பதில்தான் எனக்குத் தகராறு. பெர்னார்ட் ஸ்மித் கட்டிய கருவி அதற்கு வெகு காலம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போயிருந்தது.

தேவாலயம் இரண்டு வழக்கறிஞர் சங்கங்களுக்குப் பொது. 1680களில் ஸ்மித்தும் ரெனாட்டஸ் ஹாரிஸும் ஆளுக்கொரு ஆர்கனை அங்கேயே நிறுவிப் போட்டியிட்டார்கள். ஸ்மித்துக்காக ஜான் ப்ளோவும் ஹென்றி பர்செல்லும் வாசித்தார்கள். ஹாரிஸுக்காக அரசி கேத்தரினின் இசைஞர் டிராகி வாசித்தார். ஹாரிஸ் தரப்பினர் இரவோடு இரவாக ஸ்மித்தின் துருத்தியை அறுத்தார்கள் என்றுகூடக் கதை உண்டு. வழக்கறிஞர்கள் நடுவர்களாக இருந்த பந்தயம் ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் வியப்பில்லை. 1688இல் ஸ்மித் வென்று 1000 பவுண்டு பெற்றார். அவர் கருவியின் தனிச்சிறப்பு, சில கட்டைகளை இரண்டாகப் பிளந்திருந்ததுதான். இன்றைய ஹார்மோனியத்தில் டி ஷார்ப்பும் ஈ ஃபிளாட்டும் ஒரே கட்டை. ஸ்மித் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வைத்தார். ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் அப்படியே. சுருதிகளைச் சமமாகப் பங்கிடாத அன்றைய இசைவு முறைக்கு அது அவசியம்.

வட்ட மண்டபத்துக்கும் பாடகர் பகுதிக்கும் இடையே நின்ற ஆர்கனை, 1840களின் புதுப்பிப்பில் வடபக்கத்து அறைக்குள் தள்ளினார்கள். பார்வை திறந்தது; நடுவிலிருந்து இருபுறமும் பரவிய ஒலி பக்கவாட்டுக்குப் போனது. சமச் சுருதி முறை வேரூன்றியபின் பிளந்த கட்டைகளுக்கும் வேலையில்லை. 1910இல் ஆர்கன் கட்டுநர் ரோத்வெல் மறுபடியும் மாற்றிக் கட்டினார். இப்படித் திருத்தாமல் விட்டிருந்தால் கருவியை எப்போதோ கழற்றி உலோகத்துக்கு விற்றிருப்பார்கள் என்று எதிர்வாதம் வரலாம். நியாயமானதே. திருத்தம்தான் அதை வழிபாட்டில் வைத்திருந்தது. 1927இல் அந்தத் தேவாலயத்தில் எர்னஸ்ட் லஃப் என்ற சிறுவன் பாடிய, உலகெங்கும் விற்ற இசைத்தட்டில் அந்த ஆர்கன் ஒலிப்பதும் அதனால்தான். ஆனால் அதைக் கேட்டு பர்செல் வாசித்த கருவியை அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. குழாய் பழையதாக இருந்தாலும் அதன் இசைவும் இடமும் வேறு.

அப்படியானால் இடம் மாறிய எல்லா ஆர்கனும் செத்ததா என்று கேட்கலாம். இல்லை. போரில் சிதைந்த தேவாலயத்தை மீட்டபின் வந்த ஆர்கன், 1920களில் ஹாரிசன் நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளென் டானர் மாளிகை நடன அரங்குக்காகக் கட்டியது. 1954இல் டெம்பிளில் ஒலிக்கத் தொடங்கியது. கருவியை முழுதாக எடுத்துச் செல்வது வேறு. ஒரு காலத்தின் சுருதியை இன்னொரு காலத்துக்காக அழிப்பது வேறு. தோற்ற ஹாரிஸின் ஆர்கனோ துண்டானது. ஒரு பகுதி ஹோல்பர்ன் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்துக்கும், இன்னொன்று டப்ளினுக்கும், அங்கிருந்து வுல்வர்ஹாம்ப்டன் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கும் போனது என்பது வழிவழியாக வரும் செய்தி. அதுவும் திருத்தங்களுக்குத் தப்பவில்லை என்றாலும், அங்கே இன்றும் ஹாரிஸின் பெயரைச் சொல்லித்தான் காட்டுகிறார்கள்.