எரிமலைச் சாம்பல் மேகம்: சென்னையிலிருந்து ஒரு வரலாறு

எரிமலை வெடிக்கும்போது மேலெழும் சாம்பல், வாயு, நீராவித் திரள் எவ்வளவு உயரம் போனது, காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று கணிப்பது இன்று வானிலைத் துறையின் அன்றாட வேலை. இந்தியாவில் உயிர்ப்போடு இருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான். தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இந்த அறிவியலின் ஆரம்பகாலப் பதிவுகளில் சென்னைக்குத் தனி இடம் உண்டு.

1883 ஆகஸ்ட் 27இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தது. அது எழுப்பிய ஆழிப்பேரலையின் எச்சத்தை மதராஸ் துறைமுகத்து ஓத அளவி பதிவு செய்தது. வானம் மாற இரண்டு வாரம் பிடித்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் காலையிலும் மாலையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. வெடித்த இடம் சென்னையிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூசி நேராக இங்கே வரவில்லை. உயரே வீசிய கீழைக்காற்றில் மேற்கே கிளம்பி, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என உலகையே ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வங்கக்கடலுக்கு வந்தது. அடுத்த சுற்றில், செப்டம்பர் 22ஐ ஒட்டி, பச்சைச் சூரியன் மறுபடியும் தெரிந்தது.

அப்போது நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த மதராஸ் வானாய்வகத்துக்கு நார்மன் போக்சன் தலைவர். பச்சைச் சூரியனை நிறமாலைமானியில் பார்த்துப் பதிந்தவரோ கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித். அவர் கண்டவை இரண்டு: சிவப்புப் பகுதி பெருமளவு உறிஞ்சப்பட்டிருந்தது, நீராவிக்குரிய கோடுகளும் பட்டைகளும் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தன. மழை வருமா என்று நிறமாலையின் இந்தப் பட்டைகளை வைத்தே ஊகிக்கும் முறை அக்காலத்தில் பிரபலம். ஆகவே பச்சை நிறத்துக்குக் காரணம் நீராவியா, எரிமலைத் தூசியா என்ற வாதம் எழுந்ததில் வியப்பில்லை. ஜி. ஜே. சைமன்ஸ் பதிப்பித்து 1888இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட பேரறிக்கை, எந்த ஊரில் எந்த நாளில் வானம் நிறம் மாறியது என்று வரிசைப்படுத்தி வழக்கைத் தூசியின் பக்கம் தீர்த்தது. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய பருமனில் இருந்தால் நீலத்தைவிடச் சிவப்பே அதிகம் சிதறும். மிஞ்சும் ஒளி பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். மிச்சி ஸ்மித் 1891இல் போக்சனின் பதவிக்கு வந்து, பிறகு கொடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கினார். நுங்கம்பாக்கத்து இடம் வானிலைத் துறையிடம் தங்கிவிட்டது. மண்டல வானிலை மையம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நூறாண்டு காலம் எரிமலைச் சாம்பல் பற்றிய ஆய்வு அறிஞர்களின் ஆர்வமாகவே இருந்தது. அதை அவசரத் தேவையாக்கியது விமானம். 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஜெட்டின் நான்கு எஞ்சின்களும் நின்றன. பல கிலோமீட்டர் இறங்கிய பிறகே எஞ்சின்கள் மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளியைக் காட்டும். இவ்வளவு நுண்ணிய சாம்பலைக் காட்டாது. பின்னர் உலகம் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்களின் பொறுப்பில் பங்கிடப்பட்டது. அவற்றின் அறிவிப்பை வைத்துத் தத்தம் வான்பரப்பு விமானிகளுக்கு எச்சரிக்கை விடும் இந்தியக் கண்காணிப்பு அலுவலகங்கள் நான்கில் சென்னையும் ஒன்று.

இந்தக் கணிப்பில் காற்றோட்டத்தைச் சொல்வது ஓரளவு சுலபம். எவ்வளவு சாம்பல் வெளியேறியது என்பதுதான் இடறும் இடம். திரளின் உயரம் இரு மடங்கானால் வெளியேறும் சாம்பல் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். உயரத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் முழுக்கணக்கும் கெட்டுவிடும். செயற்கைக்கோள்கள் 11, 12 மைக்ரான் அகச்சிவப்பு அலைகளின் வேறுபாட்டை வைத்துச் சாம்பலையும் மேகத்தையும் பிரிக்கின்றன. ஆனால் வங்கக்கடல் போன்ற ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத்தில் நீராவியே அந்த அடையாளத்தை மங்கச்செய்கிறது. மிச்சி ஸ்மித்தைக் குழப்பிய அதே நீராவி!

2022 ஜனவரி 15இல் டோங்காவின் ஹுங்கா எரிமலை வெடித்தபோது திரள் 57 கிலோமீட்டர் வரை ஏறியது. வெடிப்பு எழுப்பிய காற்றழுத்த அலை சுமார் 12,000 கிலோமீட்டர் கடந்து அன்றிரவே சென்னையின் பாரமானிகளில் சிறு ஏற்றமாகப் பதிவானது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை 1991இல் கக்கிய கந்தக வாயு பூமியைச் சுமார் அரை டிகிரி குளிர்வித்தது. ஹுங்காவோ கோடிக்கணக்கான டன் நீராவியை அடுக்குமண்டலத்தில் ஏற்றியதால் அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை.

2025 நவம்பர் 23இல் எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலை வெடித்தது. ஒன்பது ஆலோசனை மையங்களில் ஒன்றான துலூஸ் மையத்தின் அறிவிப்புகளை ஒட்டி இந்திய விமான நிறுவனங்கள் விமானங்களை ரத்து செய்தன, வழியும் மாற்றின. சாம்பல் அரபிக்கடலைத் தாண்டி குஜராத், ராஜஸ்தான், டெல்லி மீது நகர்ந்து, 25ஆம் தேதி மாலைக்குள் சீனாவை நோக்கிப் போய்விடும் என்றது இந்திய வானிலைத் துறை. தென்னக வானத்தை அது தொடவில்லை. மிக உயரத்தில் சென்றதால் டெல்லியின் தரைமட்டக் காற்றிலும் பெரிய மாற்றம் இருக்காது என்றே நிபுணர்கள் கணித்தனர்.