திராட்சை இரகங்களை இனங்காணல்

திராட்சை இரகங்களை இனங்காணல் என்பது தவறான பெயரிலோ பல பெயர்களிலோ வளர்க்கப்படும் திராட்சைக் கொடிகளின் உண்மையான இரகத்தைப் புறத்தோற்றப் பண்புகளாலும் மரபணுக் குறிப்பான்களாலும் கண்டறிதல் ஆகும். திராட்சை பெரும்பாலும் குச்சி நட்டே பெருக்கப்படுவதால் ஓர் இரகத்தின் கொடிகள் யாவும் ஒரு தாய்க்கொடியின் நகல்கள் எனலாம். குச்சி ஊர்விட்டு ஊர் செல்லும்போது பெயர்தான் மாறுகிறது.

தமிழ்நாட்டில்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் வளர்க்கப்படும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இரகமாகும். கர்நாடகத்தில் இதுவே குலாபி எனப்படுகிறது. இரு பெயர்களும் பழத்தின் ரோஜா மணத்தைச் சுட்டுவன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இத்திராட்சையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் எனப் பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், இங்கிலாந்தில் சீவர்டு ஸ்னோ என்பவரால் 1850-ஐ ஒட்டி உருவாக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருத்தல் அரிது. 1832-இல் வந்தது வேறொரு திராட்சையாக இருக்க வேண்டும். அன்றேல் ஆண்டுகளில் ஒன்று பிழையாக இருக்க வேண்டும்.

புறத்தோற்றப் பண்புகள்

தளிர் நுனியின் மயிரடர்த்தி, இலை மடல்களின் எண்ணிக்கை, இலைக்காம்பு சேரும் இடத்திலுள்ள குழிவின் வடிவம், இலை விளிம்பின் பற்கள், கனியின் வடிவம் ஆகியன ஒப்பிடப்படுகின்றன. பிரான்சின் பியேர் கலே இம்முறையைச் செம்மைப்படுத்தியவர். சிலி நாட்டில் மெர்லோ என்ற பெயரில் பயிரிடப்பட்ட கொடிகளுள் பல கார்மெனேர் இரகத்தவை என்பதை 1994-இல் ழான்-மிசேல் பூர்சிகோ தோட்டத்தில் பார்த்தே கண்டறிந்தார். எனினும் கொடியின் வயது, மண், நோய் ஆகியவற்றால் இலை வேறுபடும். பழகிய கண் இல்லாதவர்க்கு இம்முறை எளிதன்று.

மரபணுக் குறிப்பான்கள்

டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் பகுதிகள் மைக்ரோசாட்டிலைட் எனப்படும். திரும்ப வரும் எண்ணிக்கை இரகத்துக்கு இரகம் வேறுபடுவதால் அப்பகுதியின் நீளமும் வேறுபடுகிறது. திராட்சையில் இவற்றின் பயன்பாட்டை 1993-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தாமஸ், ஸ்காட் ஆகியோர் காட்டினர். ஆறு முதல் ஒன்பது இடங்களின் நீளங்களை அளந்து, பெயர் உறுதியான கொடியின் அளவுகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் போதுமானது. இலையில்லாப் பருவத்திலும் தண்டிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம்.

பெற்றோரையும் இம்முறை காட்டும். மஸ்கட் ஹாம்பர்க், ஸ்கியாவா குரோசா, அலெக்சாந்திரியா மஸ்கட் ஆகிய இரண்டின் கலப்பு என 2003-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

திடீர் மாற்றத்தால் ஒரே கொடியிலிருந்து பிரிந்த இரகங்களில் இது தடுமாறும். மகாராட்டிரத்தின் தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா இரண்டும் தாம்சன் சீட்லெஸ் இரகத்தின் மாற்றங்கள். வழக்கமான மைக்ரோசாட்டிலைட் சோதனையில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். சோனாகாவை அதன் நீண்ட கனியைக் கொண்டே அறிகின்றனர்.