ஆழிப்பேரலையும் ஒரு தரவுத்தளமும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கல்கிசையைக் கடந்து தென்திசை சென்ற கரையோர ரயிலொன்று பெரலியவில் ஆழிப்பேரலைக்கு இரையான செய்தி பரவிய சில தினங்களுக்குள்ளேயே, இலங்கைக் கணினிப் பொறியாளர் பலர், ஊதியத்தை உத்தேசியாது, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி ஸ்தாபனங்களையும் பதிவுசெய்யச் 'சஹானா' என்னும் மென்பொருளை நிர்மாணிக்க முற்பட்டனர். பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமுமே அதன் ஆதாரம்.

இத்தகைய மென்பொருளின் தரவுத்தளத்தில் எந்த அட்டவணையில் எந்த விபரம், எந்த நபர் எந்த முகாமோடு சம்பந்தமுடையவர் என்பவற்றை விதிப்பது ஸ்கீமா. எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், எந்தக் கடவுச்சொல் என்று அறிவிப்பது இணைப்பு அமைப்பு. பின்னது சில வரிகளே. அலட்சியத்துக்கு ஆளாவதும் அதுவே. தரவுத்தளப் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால், எத்துணைச் செம்மையான ஸ்கீமாவும் இருந்தும் இல்லாததுதான். வாசிக்கும் உரிமை மாத்திரமுள்ள பயனராக நுழைந்தாலோ புதுப்பெயர் எதையும் சேர்க்க முடியாது.

தமிழருக்கு விசேஷ சங்கடம் வேறொன்று. அட்டவணைக்கும் இணைப்புக்கும் எழுத்துக் குறியேற்றத்தைத் தனித்தனியே விதிக்கும் வசதி, ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதம் முன்பு வெளியான மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்பிலேதான் வந்தது. அட்டவணை தமிழை ஏற்கும் யூடிஎஃப்-8 ஆக இருந்தும் இணைப்பு அப்போது வழமையாயிருந்த, தமிழ் அறியாத லத்தீன்-1 ஆகவே நின்றுவிட்டால், 'முருகேசு' என்ற பெயர் திரையில் வெறும் கேள்விக்குறிகளாகத் தோன்றும். மகனைத் தேடிவந்த தாய்க்கு அதனால் யாது பிரயோசனம்?

ஆழிப்பேரலையோடு நில்லாது, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் சஹானா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.