ஜப்பான்காரன் போட வைத்த ரன்வே

மதுரை விமான நிலையத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? எந்த டெர்மினல் என்று சென்னையில் விழிக்கிற மாதிரி இங்கே விழிக்க வேண்டாம். 2010 செப்டம்பரில் திறந்த கட்டடம் ஒன்றுதான். சென்னைக்குப் போகிறவரும் சிங்கப்பூருக்குப் போகிறவரும் அதற்குள்தான் நுழைய வேண்டும். வெளியே ரயில் கிடையாது. டாக்ஸியோ ஆட்டோவோ பிடித்து, அவனியாபுரம் வழியாக ஊருக்குள் போகலாம். பொங்கலன்று மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்புங்கள். அவனியாபுரத்தில் அன்றைக்கு ஜல்லிக்கட்டு!

அது சரி, ஊருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, வானம் பார்த்த பூமியில் விமானம் இறங்க வேண்டிய அவசியம் எப்படி வந்தது?

ஜப்பான்காரனால் வந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு. மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸ் மூட்டை கட்டியது. அந்தக் கிலியில் தெற்குச் சீமை முழுக்க பிரிட்டிஷ் விமானப்படைக்கு இறங்குதளங்கள் முளைத்தன. செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, கயத்தாறு... மதுரையும் அந்த வரிசைதான். யுத்தம் முடிந்ததும் மற்ற மூன்றும் ஓய்ந்துபோக, மதுரை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1956-ல் பயணிகள் விமானம் வந்தது. குண்டு விழுந்த அதே கொழும்புக்கு, 70 வருஷம் கழித்து, 2012 செப்டம்பர் 20-ல் இங்கிருந்து முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது!

ஆனால், ரன்வேயின் நீளம் 7,500 அடிதான். வெயில் ஏற ஏற காற்று லேசாகும். விமானம் மேலே எழும்ப இன்னும் கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நடுத்தர விமானங்களுக்கு இது போதும். பெரிய விமானம் எரிபொருளை நிரப்பிக்கொண்டு முழு பாரத்தோடு கிளம்புவதென்றால் முடியாது. 12,500 அடியாக நீட்டலாம் என்றார்கள். குறுக்கே ரிங் ரோடு! சரி, ரோட்டைக் கீழே விட்டு ரன்வேயை மேலே கொண்டுபோவோம் என்று ஒரு திட்டம். அந்தப் பேச்சிலேயே வருஷங்கள் ஓடின.

ரோட்டைக் கீழே விடலாம். கிராமத்தை என்ன செய்வது? 1942-ல் யுத்தகாலச் சட்டம் கையில் இருந்தது. அரசாங்கம் எடு என்றால் எடுத்தாயிற்று. 2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்து ஜனங்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ‘மாற்று இடத்தைக் காட்டுங்கள், அப்புறம் வீட்டைக் காலி செய்கிறோம்’ என்பதுதான் அவர்கள் கேட்டது. நியாயமான கணக்கு. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது.