கவசமும் கையடையும்

இராசா அண்ணாமலைபுரத்துக்கு வடக்கே, மயிலைத் தூய தோமா ஆலயத்தில், 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருட்டிணபிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் 1827இல் தோன்றியவர். அவர்தம் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஆங்கிலப் புலவர் பனியனின் நூலை (1678) அடியொற்றியது என்பது யாவரும் அறிந்ததே.

பனியன், அரசின் தடையை மீறிச் சமயப் பொழிவு ஆற்றியமையால், 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் கிடந்தவர். தாழ்மைப் பள்ளத்தாக்கிற் பேயரசன் பயணியை மறிக்குமிடம் அவர் நூலின் உயிர்நிலை. பயணி ஓட எண்ணுகிறான், முதுகுக்குக் கவசம் இல்லை, ஆதலின் எதிர்நிற்கிறான். பவுலடியார் எபேசியர்க்கு எழுதிய மடலில் கூறும் போர்க்கோலத்திலும் முதுகுக்குக் காப்பில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கிருட்டிணபிள்ளையோ கதையினிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் அமைத்தார். பனியனிடத்தும் சிறு பாடல்கள் உள. பதிகமாக நின்று உருகுதல் ஆண்டு இல்லை. அத்தேவாரத்துள் ஒன்று கையடைப் பதிகம். இப்பெயர் கம்பரைக் கற்றார்க்குப் புதிதன்று. வேள்விக்கு அரக்கர் இடையூறு செய்ய, தயரதன் மகனை முனிவனிடம் ஒப்புவித்தல் கம்பரிற் கையடை. ஒப்புவிக்கப்பட்டவன் வில்லேந்திப் பகைமேற் செல்கிறான். ஈண்டோ ஒப்புவிப்பவனும் ஒப்புவிக்கப்படுபவனும் ஒருவனே.

இதனை வைணவ அடைக்கல நெறியின் எச்சம் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் எளிது. யாம் அவ்வாறு கொள்ளோம். சிலுவையில் இயேசு தம் ஆவியைத் தந்தையின் கைகளில் ஒப்புவித்தமையை லூக்கா குறிக்கின்றார். அச்செயலுக்குத் தமிழிற் பெயர் தேடிய புலவர்க்குக் கம்பரின் சொல் ஆயத்தமாக இருந்தது.